கோல் பிரன்னன் அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை

செப்டம்பர் 27, வெள்ளி

இன்று ஸ்டேடியத்தில் எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், கோல் பிரன்னன் பந்தை எறிந்ததைப் பார்த்து அழுதுவிட்டாள். சும்மா கண் கலங்கவில்லை. மூக்கைச் சிந்தி அழுதாள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒரு பந்தை இங்கிருந்து அங்கே எறிந்தான். அதற்கு அழுகை!

டெக்சஸில் பத்தொன்பது வருஷம் இருந்தும் இந்த ஊர்க்காரர்களின் பக்தி எனக்குப் பழகவில்லை. மார்லோ ஸ்பிரிங்ஸில் ஒரு ஆஸ்பத்திரி, மூன்று பெட்ரோல் பங்க், பதினோரு சர்ச். இருந்தாலும் உண்மையான கோயில் பள்ளிக்கூட ஸ்டேடியம்தான். மூலவர் கோல் பிரன்னன்.

என் மனைவி தமயந்தி போன ஞாயிறு ஊருக்குப் போனாள். கோவில்பட்டியில் என் மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அவள் டிசம்பரில்தான் வருவாள். வீட்டில் நானும் மகன் நெடுமாறனும் மட்டும். அவன் பேசுவது சாப்பாட்டைப் பற்றி மட்டும். அதனால் நான் எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை நம்மூர் கால்பந்து என்று நினைத்துவிடக் கூடாது. கையில் பிடித்து ஓடுவதும், எறிவதும், மோதித் தள்ளுவதும்தான் ஆட்டம். நடுவில் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறியலாம் என்று தேடுகிறவன் குவார்ட்டர்பேக். நம் கதாநாயகர். அவர் வலது கைக்காரர். எறியத் திரும்பும்போது அவருடைய இடது பக்கமும் முதுகும் திறந்து கிடக்கும். அந்தப் பக்கத்திலிருந்து மாடு மாதிரி ஓடிவருகிறவனை அவரால் பார்க்க முடியாது. அவனை மறித்து நிறுத்த ஒருவன் வேண்டும். அவனுக்கு லெஃப்ட் டேக்கிள் என்று பெயர். ஆறடி மூன்று அங்குலம், நூற்று இருபத்தைந்து கிலோ, என் மகன் நெடுமாறன். பள்ளிக்கூடத்தில் நெட்.

நெட் நிற்கிறான், கோல் எறிகிறான், அந்த அம்மாள் அழுகிறாள்.

அக்டோபர் 5, சனி

ஜெர்சியில் ஒட்டிய புல்கறை போகவில்லை. தமயந்தி போனில் சொன்னபடி வினிகர் ஊற்றி ஊறவைத்தேன். இப்போது ஊறுகாய் வாசம் அடிக்கிறது.

மாலையில் சவரிமுத்து வந்தார். தூத்துக்குடிக்காரர், ஆயில் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். அவருடைய மகள் பள்ளி பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறாள். அதை வைத்து ஆட்டமே தனக்கு அத்துப்படி என்று நினைப்பு.

"அண்ணாச்சி, நேத்து கோல் ஒண்ணு எறிஞ்சான் பாத்தீகளா? ஊசில நூல் கோத்த மாதிரி!"

"எறியறதுக்கு முன்ன எத்தனை நேரம் நின்னான், அதப் பாத்தீரா? சாவகாசமா சுத்திப் பாத்து, மூக்கைச் சொறிஞ்சு, பெறகு எறியுதான். அந்த நேரத்தை அவனுக்குக் குடுத்தது யாரு?"

"நம்ம பையன்தான், இல்லைங்கல. ஆனா எறியணும்ல?"

"அவ்வளவு நேரம் கெடைச்சா நீரே எறிஞ்சிருவீரு."

"என்ன அண்ணாச்சி, இப்படிச் சொல்லிப்புட்டீக! ஊரே கொண்டாடுது."

"ஊரு எதைத்தான் கொண்டாடல? வே, அந்தப் பையனைத் தூக்கித் தூக்கி வைக்காக. உள்ள சரக்கு பாதிதான்."

சவரிமுத்து இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு, என் கருத்தை மாற்றாமலும் தன்னுடையதை மாற்றிக்கொள்ளாமலும் போனார்.

அக்டோபர் 12, சனி

நேற்று ஜெயித்தோம். உள்ளூர் பேப்பரில் கோலின் படம் முதல் பக்கத்தில். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என் பையனுடையது.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

அதிரசம் செய்யப் போய் எண்ணெயில் பிரிந்து மணலாகிவிட்டது. கடையில் வாங்கிய முறுக்கை வைத்துக் கும்பிட்டோம்.

இன்று ஆபீஸில் விழா. ஊர்த் தண்ணீர் வாரியத்தின் புதிய பம்பிங் ஸ்டேஷனுக்கு மாநில விருது. என் மேலதிகாரி கைல் மேடையில் ஏறி வாங்கினான். "என் டீம் இல்லாமல் முடிந்திருக்காது" என்றான். அந்த ஸ்டேஷனின் ஒவ்வொரு குழாயும் நான் போட்ட வரைபடம். கைலுக்கு வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டால் தெரியாது. நான் கை தட்டினேன். விருதுக்கும் கோலுக்கும் சம்பந்தமில்லை. தேதிக்காக எழுதுகிறேன்.

சாயங்காலம் நெடுமாறன் கோலைக் கூட்டிக்கொண்டு வந்தான். கிட்டத்தில் பார்த்தால் சாதாரணப் பையன். முகத்தில் பரு. ஸ்டேடியத்தில் அழுத அம்மாள் அதைப் பார்க்க வேண்டும். முறுக்கைக் கடித்து, "இது பிரமாதம் சார்" என்றான். பாக்கெட் முறுக்கு! இப்படி எல்லாவற்றையும் பிரமாதம் என்கிறவனை எப்படி நம்புவது?

போகும்போது வாசலில் நின்று, "நெட் இல்லேன்னா நான் தரையிலதான் கெடப்பேன் சார்" என்றான்.

கைலும் இதையேதான் மைக்கில் சொன்னான்.

"எவ்வளவு நல்லவன், பாத்தீங்களா?" என்றான் என் மகன்.

"வாயி நல்லா இருக்கு" என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

ப்ளே-ஆஃப் முதல் சுற்று, தோற்றால் வீட்டுக்கு. ஜெயித்தோம்.

மூன்றாம் பகுதியில் நெடுமாறனும் எதிராளி ஒருவனும் தலையோடு தலை மோதினார்கள். சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. அவன் மெதுவாக எழுந்தான். அடுத்த தடவை பந்தை எடுக்கும்போது இடது பக்கம் போய் நிற்காமல் வலது பக்கம் போய் நின்றான். கோல் வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இந்தப் பக்கம் நிறுத்தினான். ஏதோ மாட்டைத் தொழுவத்தில் கட்டுகிற மாதிரி. அத்தனை பேர் முன்னால்! எனக்கு ரத்தம் கொதித்தது.

காரில் வரும்போது, "ஏன் எடம் மாறி நின்ன?" என்றேன்.

"ஹெல்மெட் ஸ்ட்ராப் லூஸாயிருச்சுப்பா. சரியாத் தெரியல."

நல்ல ஹெல்மெட் வாங்கித் தர அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வக்கில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நெடுமாறன் காலையில் வாந்தி எடுத்தான். நேற்று நான் வைத்த மீன் குழம்பாகத்தான் இருக்கும். ஆனால் நானும் அதைத்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. வளரும் பிள்ளைக்கு வயிறு வேறு.

பகல் முழுக்க ரூமில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம். போனையே பார்த்துக்கொண்டிருந்தால் கூசாதா? ஒரு மாத்திரை கொடுத்தேன். ரசம் வைத்தேன். ரசம் நன்றாக வந்தது.

நவம்பர் 18, திங்கள்

தமயந்தி: "பையன் குரலே ஒரு மாதிரி இழுக்குதே, என்ன?" நான்: "களைப்பு." பிறகு தன் அப்பாவின் வாக்கரைப் பற்றி நிறையப் பேசினாள்.

நவம்பர் 22, வெள்ளி

இரண்டாம் சுற்றும் ஜெயம்.

பெரிய செய்தி: அடுத்த வெள்ளி ஆட்டத்துக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கோச் தன் அணிக்கு ஆள் பொறுக்க வருகிறார். கோலைப் பார்க்க மட்டுமில்லை, நெட்டையும் பார்க்க! பள்ளிப் பயிற்சியாளர் ஹாஸ்கின்ஸ் தானே வந்து என் கையைக் குலுக்கிச் சொன்னார். நான்கு வருஷமாக முழங்கை மட்டும் தெரிந்த பையனின் முகத்தை ஒருத்தர் பார்க்கப் போகிறார்.

ஆட்டத்தில் நெடுமாறன் சுமார்தான். இரண்டு தடவை எதிராளியை விட்டுவிட்டான். ஒருமுறை கோல் நன்றாக அடிவாங்கி விழுந்தான். அதோடு இன்று முழுக்கக் கோலின் அதிகாரம் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவை பந்தை எடுப்பதற்கு முன்னாலும் என் பையனிடம் வந்து, தோளைத் தொட்டு, கையை நீட்டி இங்கே நில், அங்கே நில் என்று காட்டுகிறான். நான்கு வருஷமாக அதே இடத்தில் நிற்கிறவனுக்கு!

சவரிமுத்து, "பையன் கொஞ்சம் தள்ளாடுற மாதிரி இல்ல?" என்றார். ட்ரம்பெட்டைக் கவனியும் என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. மேலே ஒன்றுமில்லை. நெடுமாறன் முட்டை பொரிக்க வந்து, பற்றவைத்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துவிட்டான். கேட்டால், "நானா?" என்கிறான். "அம்மா எப்பப்பா வர்றாங்க?" என்று கேட்டான். டிசம்பர் ஆறு என்றேன். தட்டை வைத்துவிட்டு வந்து மறுபடியும், "அம்மா எப்பப்பா வர்றாங்க?"

அம்மா மேல் பாசம்.

கம்ப்யூட்டரில் ஒன்று தேடிப் பார்த்தேன். எதைத் தேடினாலும் இந்த இன்டர்நெட் நேராகச் சாவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். மூடிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதற்குள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். கோழி வாங்கி சூப் வைத்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பேனா தாளைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்தான்.

அந்தப் பயல் போட்டுக்கொடுத்துவிட்டான். நேற்றுப் பயிற்சிக்கு முன்னால் ஹாஸ்கின்ஸிடம் போய், நெட்டுக்கு ஏதோ சரியில்லை, தலையில் அடிபட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். இன்று பள்ளியின் மருத்துவ உதவியாளர் கூப்பிட்டுச் சோதித்திருக்கிறார். மாதங்களின் பெயரைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாராம். யாருக்கு அது வரும்? எனக்கே வராது. டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை மைதானத்தில் இறங்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை இல்லை. கோச் வருகிற வெள்ளிக்கிழமை!

பெயரே கோல். கோள் சொல்லாமல் வேறென்ன செய்வான்?

நெடுமாறன் வீட்டுக்கு வந்து கதவை உதைத்தான். "அவன் என் ஃப்ரெண்டுன்னு நெனச்சேன்பா. அவன்கிட்ட மட்டும்தான் சொன்னேன், தலை வலிக்குதுன்னு." பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

காரணம் எனக்கா தெரியாது? போன ஆட்டத்தில் இவன் விட்டதில் அவர் தரையில் விழுந்தாரே, அதுதான். மகாராஜா மேல் புழுதி பட்டுவிட்டது. காவல்காரனை மாற்றுகிறார். நாளை அவனை நேரில் பார்த்துக் கேட்காமல் விடப்போவதில்லை.

நவம்பர் 27, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபீஸிலிருந்து மத்தியானமே கிளம்பிப் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். கோல் கம்பிவேலி ஓரமாகத் தனியாக உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உனக்கு இதுல என்ன லாபம்?" என்றேன். நல்லவிதமாக ஆரம்பிக்க நினைத்திருந்தேன். வரவில்லை.

"லாபம் ஒண்ணும் இல்ல சார்."

"அவனைப் பாக்க ஒரு ஆள் வர்றாங்க. வாழ்க்கையிலேயே முதல் தடவை. உன்னைப் பாக்கத் தினம் ஆள் வரும். அவனுக்கு இது ஒண்ணுதான். அதைக் கெடுத்துட்டியே!"

அவன் குனிந்து அவிழ்ந்த ஷூ கயிற்றை முடிந்தான். பிறகு சொன்னான்: "வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னுதான் சார் நெனச்சேன். ரெண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். நெட் இல்லாம ஆடினா எனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்தக் கோச் என்னையும்தானே பாக்க வர்றார்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"போன வாரம் ஆட்டத்துக்கு நடுவுல, நாங்க வட்டமா நின்னு அடுத்து என்னன்னு பேசிக்கிட்டு இருந்தோம். நெட் என்னைப் பாத்து ஏதோ கேட்டான். எனக்குப் புரியல. திரும்பவும் கேட்டான். அது இங்கிலீஷ் இல்ல சார். உங்க பாஷை. அவன் என்கிட்ட ஒரு நாளும் அதைப் பேசினதில்ல. நான் யாருன்னே அவனுக்குத் தெரியலைன்னு தோணுச்சு."

"என்ன கேட்டான்?"

அவன் யோசித்து, ரொம்பக் கவனமாகச் சொன்னான். "எங்க... எங்க நிக்கணும். இப்படித்தான் சார் இருந்துச்சு. நாலஞ்சு தடவை கேட்டான். அதுக்கு என்ன அர்த்தம்?"

நான் அர்த்தத்தைச் சொன்னேன்.

அவன் தலையை ஆட்டினான். "நானும் அப்படித்தான் நெனச்சேன். அதான் கையைக் காட்டிக்கிட்டே இருந்தேன்."

நான் காருக்கு வந்து உட்கார்ந்தேன். சாவியைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய் நெடுமாறனை எழுப்பி, நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "எதுக்குப்பா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். ஒரே கேள்வியைத்தான்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு மேலே மெல்லியதாக ஒரு ரத்தக்கசிவு. டாக்டர் ஒரு சின்னப் பெண், என் அண்ணன் மகள் வயதிருக்கும். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டாள். பதினைந்தாம் தேதியிலிருந்து என்றேன். வாந்தி? ஆமாம். வெளிச்சம் கூசியதா? ஆமாம். மறதி? ஆமாம். எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி இருந்தது. அவள் எழுதிக்கொண்டே வந்து நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

"இந்த நிலைமையில் தலையில் இன்னொரு பலமான அடி பட்டிருந்தால்..." என்று தொடங்கினாள். நான் புரிகிறது என்று சொல்லிவிட்டேன். முடிக்க விடவில்லை.

நவம்பர் 28, வியாழன்

ஆபரேஷன் வேண்டாமாம். கசிவு தானாக வற்றும், ஆனால் வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். டிவி, போன், புத்தகம் எதுவும் கூடாது. இந்த வருஷம் ஆட்டம் கிடையாது. அடுத்த வருஷத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

இங்கே இன்று தாங்க்ஸ்கிவிங் பண்டிகை. நர்ஸ் ஒரு தட்டில் வான்கோழி கொண்டுவந்து வைத்தாள். உப்பில்லை.

தமயந்தியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. பாதி சொன்னதிலேயே மீதியை அவள் புரிந்துகொண்டாள். "பதினெட்டாம் தேதி நான் கேட்டேனே" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 29, வெள்ளி

காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று ஸ்டேடியம் பக்கம் போகிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. நெடுமாறன்தான் இருட்டு ரூமில் படுத்துக்கொண்டு, "நீங்க போய்ப் பாருங்கப்பா. எனக்கு யாராவது சொல்லணும்ல" என்றான். "கோல் அடிவாங்கறதைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றும் சேர்த்துக்கொண்டான். சவரிமுத்துவின் மனைவி துணைக்கு இருந்தார்.

நெடுமாறனின் இடத்தில் ஒல்லியான ஒரு பையனை நிறுத்தியிருந்தார்கள். பாவம், அவனை எதிராளிகள் கதவைத் திறப்பது போலத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். கோல் பந்தை வாங்குவான், திரும்புவான், இடது பக்கத்திலிருந்து ஒரு மலை வந்து அவன் முதுகில் விழும். எழுவான். மறுபடி விழுவான். எத்தனை தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எறிந்த பந்துகளில் பாதி யாருக்கும் போகவில்லை. அவற்றில் இரண்டு, எதிராளிகளின் கைக்கே போயின. பல்கலைக்கழகத்துக் கோச் மேல்வரிசையில் ஒரு நீலத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் பகுதி முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. எதிர் வரிசையில் முதலில் பத்துப் பேர், அப்புறம் நூறு பேர், அப்புறம் அந்தப் பக்கமே எழுந்து நின்று கைதட்டிக் கத்தியது: "ஓ-வர்-ரே-டட்! ஓ-வர்-ரே-டட்!" இருக்கிற சரக்குக்கு மேல் கொண்டாடப்பட்டவன் என்று அர்த்தம். செப்டம்பரிலிருந்து நான் சொல்லிவருகிறதைத்தான் இரண்டாயிரம் பேர் சேர்ந்து தாளம் போட்டுச் சொன்னார்கள்.

எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு அழுத அம்மாள், "இவனை நம்பியா இத்தனை நாள்?" என்று புருஷனிடம் சொன்னாள். ஒருத்தன் காலி கோக் கோப்பையை மைதானத்துக்குள் வீசினான். சவரிமுத்து பெருமூச்சு விட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. பாதிச் சரக்குதான். பேப்பர்க்காரன் ஊதிப் பெருசாக்கிட்டான்."

"உமக்கு என்னவே தெரியும், ஆட்டத்தைப் பத்தி?"

அவர் திகைத்துப்போனார். "நீங்கதான..."

"முதுகுல ஒருத்தன் ஏறி மிதிக்கும்போது எவனால எறிய முடியும்? நீரு எறிவீரா? அந்தக் கத்துறவன் எறிவானா? ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கான் பாத்தீரா? அவனை உக்காரச் சொல்லி ஹாஸ்கின்ஸ் கூப்பிடுதார், மாட்டேன்னு தலையாட்டுதான், அதைப் பாத்தீரா? கண்ணு இருக்கா உமக்கு?"

"ஏன் அண்ணாச்சி என்மேல பாயுதீக?"

இப்படித்தான் ஆகுமென்று அவனுக்கு முன்னாலேயே தெரியும் என்பதைச் சொல்ல வாய் வரை வந்தது. தன் முதுகுக்கு இருந்த ஒரே சுவரைத் தானே போய் எடுத்துவிட்டு வந்து நிற்கிறான் என்று. சொன்னால், அவன் ஏன் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது, வீட்டில் இருந்தவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்வி வரும். சும்மா இருந்துவிட்டேன். கத்தினவர்களை மட்டும் முறைத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்குத் தெரிந்திருக்கும்?

தோற்றோம். எல்லாரும் போன பிறகு வேலி ஓரமாகப் போய் நின்றேன். கோல் நொண்டிக்கொண்டு வந்தான். உதடு கிழிந்திருந்தது.

"நெட் எப்படி இருக்கான் சார்?"

"வீட்டுக்கு வந்துட்டான்."

"நல்லது" என்றான். அப்படியே நின்றான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ரெண்டாம் பகுதியில பந்தை ரொம்ப நேரம் கையில வெச்சிருந்த" என்றேன். "சீக்கிரம் எறிஞ்சிருக்கணும்."

"ஆமா சார்" என்றான்.

இதைச் சொல்லவா நான் நின்றேன்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆட்டம் முழுவதையும் நெடுமாறனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

"இருந்தாலும் அவன் என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும்பா."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சரி, உங்ககிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாம்ல."

தோசை மாவு அரைக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 4, புதன்

பேப்பரில் அரைப்பக்கக் கட்டுரை, கோல் பிரன்னனின் வீக்கம் வடிந்தது என்று. எழுதினவன் ஒரு முட்டாள். போன மாதம் இவனேதான் கோலை மகான் என்று எழுதினான். குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, குப்பையையும் கொண்டுபோய் வெளியே கொட்டினேன்.

டிசம்பர் 6, வெள்ளி

தமயந்தி வந்துவிட்டாள். ஏர்போர்ட்டில் என்னிடம் பெட்டியைக் கொடுத்தாள், பேச்சைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகப் பையன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்து கேட்ட ஒரே கேள்வி: "அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பாடு போட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"வாய் மட்டும் வண்டி வண்டியாப் பேசுங்க" என்று அடுப்படிக்குள் போனாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

தமயந்தியே போன் போட்டு வரச் சொல்லிவிட்டாள். பதினோரு மணிக்குக் கோல் வந்தான். கையில் ஒரு பூந்தொட்டி. யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

நெடுமாறன் வெளியே வரவில்லை. "தூங்குறேன்னு சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து அவனே உரக்கச் சொன்னான். கோல் காதில் விழாதது போல உட்கார்ந்திருந்தான்.

பெரிய சங்கடம். தமயந்தி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க, நான் சத்தமே இல்லாமல் டிவியைப் போட்டேன். பெரிய அணிகளின் ஆட்டம். நாடே கொண்டாடுகிற ஒரு குவார்ட்டர்பேக் ஆடிக்கொண்டிருந்தார். வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் வாங்குகிறவர். பந்தோடு நின்று, நின்று, அடிவாங்கி மல்லாந்து விழுந்தார்.

"இவனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்றேன், என்னையறியாமல். "உள்ள ஒண்ணுமே கிடையாது."

கோல் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சார், இவர் இப்ப ஆடற ஆளுங்கள்லயே பெஸ்ட்."

"எதை வெச்சு பெஸ்ட்ங்கற? முகத்தை வெச்சா?"

"போன வருஷம் ஃபைனல்ல கடைசி ரெண்டு நிமிஷம் பாத்தீங்களா?"

"மிச்ச நேரமெல்லாம் என்ன பண்ணினான்? எதிராளிக்குப் பந்தை அனுப்பிக்கிட்டு இருந்தான்!"

"அந்த மழையில யார் சார் எறிவாங்க?"

"மழைங்கறது ரெண்டு பக்கமும்தானே பெஞ்சுச்சு?"

அவனுக்கும் குரல் உயர்ந்துவிட்டது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். தமயந்தி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்து, வீட்டில் நோயாளி இருப்பதை நினைவுபடுத்தினாள். இரண்டு பேரும் குரலைத் தணித்து, அதே சண்டையைக் கிசுகிசுவென்று தொடர்ந்தோம். டிவியில் அந்த மகானுபாவர் மறுபடியும் விழுந்தார்.

"பாத்தியா? பாத்தியா? பந்தை எறிய மாட்டான். பிடிச்சுக்கிட்டே நிப்பான். வேணும் இவனுக்கு."

"எறிய யாருமே இல்ல சார், எல்லாரையும் மறிச்சுட்டாங்க!"

"ரெண்டு பேருமே தப்பு."

சத்தம் உள்ளேயிருந்து வந்தது. ரூம் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எப்போது திறந்தான் என்று நாங்கள் கவனிக்கவில்லை. இருட்டில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தை டிவிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். டாக்டர் சொன்னதை மீறவில்லை.

"நீ பாக்கவே இல்லையே, எப்படிச் சொல்ற?" என்றான் கோல்.

"பாக்கணுமா? அந்த டீமோட லெஃப்ட் டேக்கிள் ஒரு தூங்குமூஞ்சி. ஒவ்வொரு தடவையும் வலது காலை முதல்ல எடுத்து வைப்பான். அப்புறம் யார் நின்னாலும் விழத்தான் செய்வாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "இப்ப எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தான்?"

கோல் டிவியைப் பார்த்தான். மறுபடி போட்டுக் காட்டினார்கள்.

"லெஃப்ட்" என்றான்.

"சொன்னேன்ல."

அதற்குப் பிறகு கோல் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நெடுமாறன் பார்க்காமலேயே தீர்ப்புச் சொன்னான். நடுவில் புகுந்து நான் சொன்ன எதையும் இரண்டு பேரும் மதிக்கவில்லை. தமயந்தி இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றைக் கோலிடம் கொடுத்து, "உள்ள போயி அவன்கூட உக்காந்து சாப்பிடு" என்று தமிழிலேயே சொன்னாள். அவனுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

கோல் பிரன்னன் ஆறு தோசை சாப்பிட்டான். சட்னியை மேலே ஊற்றி, தோசையைச் சுருட்டி, முழங்கை வரை ஒழுகவிட்டுச் சாப்பிடுகிறான். அதைப் பார்க்க எந்தக் கோச்சும் வராமல் இருந்தது அவனுடைய அதிர்ஷ்டம்.

கதவைச் சாத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் டிவியை அணைத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் தப்புத் தப்பாகத்தான் பேசினார்கள்.